மாவுக்கட்டுக்குள் வளரும் கால்

கேள்வி: நாங்கள் கும்பகோணத்தில் வசிக்கிறோம். எங்கள் தெருநாய் ஒன்று ஐந்து குட்டிகள் போட்டிருந்தது. அவற்றுள் ஒரு குட்டி பத்து நாள்களுக்கு முன் இருசக்கர வாகனத்தில் அடிபட்டுவிட்டது. அதற்கு ஏறத்தாழ இரண்டரை மாதம் இருக்கும். ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகள் அதைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். தூக்கும்போது வலியில் அது அவள் விரலைக் கடித்துவிட்டது. சற்று இரத்தம் வந்தது, கழுவிவிட்டு மஞ்சள் வைத்தோம். மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, இடது பின்னங்காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு நடுவில் முறிந்திருப்பதாகச் சொல்லி மாவுக்கட்டுப் போட்டார். ஐந்து நாளைக்கு வலி மருந்து கொடுத்து, மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார். மணி என்று பெயர் வைத்திருக்கிறோம். பஞ்சாரத்தைக் கவிழ்த்து உள்ளே விட்டால் ஓயாமல் கத்துகிறது. திறந்துவிட்டால் மூன்று காலில் வீடு முழுக்க ஓடுகிறது. நேற்றிலிருந்து கட்டுக்கு வெளியே தெரியும் விரல்கள் சற்றுத் தடித்தாற்போல் இருக்கின்றன; கட்டைக் கடிக்கவும் செய்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர், இதைப் பிரித்துவிட்டுப் புத்தூர் கட்டுப் போடலாம் என்கிறார். என் மாமியார் ஆட்டுக்கால் சூப் கொடுக்கச் சொல்கிறார். மகளுக்கு வாங்கிய கால்சியம் மருந்தும் காய்ச்சல் மருந்தும் வீட்டில் இருக்கின்றன, கொடுக்கலாமா? மணி நொண்டாமல் நடக்குமா? குணமானபின் தெருவிலேயே விட்டுவிடலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

இந்தப் பதில் வெளியாகும்வரை காத்திருக்கக் கூடாத இரண்டு செய்திகள் உங்கள் கடிதத்தில் இருந்தன. ஆசிரியர் குழுவினர் வழியாக அவற்றை அன்றைக்கே உங்களுக்குத் தெரிவித்துவிட்டேன். ஆனாலும் இதே நிலையில் இருக்கக்கூடிய மற்ற வாசகர்களுக்காக அவற்றையே முதலில் எழுதுகிறேன்.

ஒன்று, உங்கள் மகளின் விரல். கடித்தது சின்னக் குட்டிதானே, வலியில்தானே கடித்தது என்று பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். வெறிநோய் குட்டிகளுக்கும் வரும். தடுப்பூசி போடாத ஒரு தெருநாய்க்குட்டி இரத்தம் வருமளவுக்குக் கடித்திருந்தால், அது கடித்ததற்கு எவ்வளவு நியாயமான காரணம் இருந்தாலும், மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் இந்தத் தடுப்பூசியை இலவசமாகவே போடுகிறார்கள். முதல் ஊசி போடும் நாளிலிருந்து கணக்கிட்டு 3, 7, 28 ஆகிய நாள்களில் அடுத்தடுத்த ஊசிகளைப் போடுவார்கள். இரத்தம் வந்த கடி என்பதால், காயத்தைச் சுற்றிச் செலுத்தும் எதிர்ப்புரத மருந்தும் தேவைப்படலாம். அதை அங்குள்ள மருத்துவர் பார்த்துச் சொல்வார். நாள் கடந்துவிட்டதே என்று தயங்க வேண்டாம். கடித்த நாய் பத்து நாள்களுக்குப் பிறகும் நலமாக இருந்தால், கடித்த வேளையில் அதன் உமிழ்நீரில் வெறிநோய்க் கிருமி இருந்திருக்காது என்பது உண்மை. மணி சாப்பிட்டு ஓடியாடுவது ஆறுதலான செய்தியும்கூட. ஆனால் அதை வைத்து ஊசி வேண்டாம் என்ற முடிவை வீட்டில் எடுக்காதீர்கள். இனி யாரை எந்த நாய் கடித்தாலும், குழாயைத் திறந்துவிட்டு, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் காயத்தில் வைக்காதீர்கள்.

இரண்டாவது, தடித்திருக்கும் அந்த விரல்கள். உங்கள் கேள்விகளுள் இதற்குத்தான் நான் விரிவாகப் பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் முறிந்த எலும்பால் குட்டிகளுக்கு வரும் கேட்டைவிட, இறுகிப்போன கட்டால் வரும் கேடு பல நேரங்களில் பெரிது. பெரிய நாய்க்குப் போட்ட கட்டு மூன்று வாரம் கழித்தும் அதே அளவுள்ள காலைத்தான் சுற்றியிருக்கும். இரண்டரை மாதக் குட்டி அப்படியன்று. நம் நாட்டு நாய்க்குட்டி இந்த வயதில் ஒரே வாரத்தில் அரைக் கிலோ வரை எடை கூடும். அதன் கால் நாளுக்கு நாள் நீள்கிறது, பருக்கிறது. அதைச் சுற்றியிருக்கும் மாவுக்கட்டு மட்டும் போட்ட அன்றைய அளவிலேயே நிற்கிறது. முதல் நாள் சரியாகப் பொருந்திய கட்டு எட்டாம் நாள் இறுக்கமாகிவிடுவதில் போட்டவரின் தவறு எதுவும் இல்லை. இறுகிய கட்டுக்குள் இரத்த ஓட்டம் குறைந்து, தோல் அழுகி, கடைசியில் காலையே எடுக்க நேர்ந்த குட்டிகள் உண்டு. அந்தக் குட்டிகளுள் பலவற்றின் எலும்பு நன்றாகவே கூடியிருந்தது என்பதுதான் மனத்தை வருத்தும் செய்தி. எனவே இந்த வயதுக் குட்டிக்கு மாவுக்கட்டுப் போட்டால் வாரத்துக்கு ஒருமுறை மருத்துவரிடம் காட்ட வேண்டும், தேவைப்பட்டால் கட்டை மாற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மூன்று வாரம் கழித்து வரச் சொன்ன மருத்துவர், இடையில் ஏதேனும் மாற்றம் தெரிந்தால் நீங்களே வந்துவிடுவீர்கள் என்று எண்ணியிருக்கலாம். அவரிடமே போய், விரல் தடித்திருப்பதையும் கட்டைக் கடிப்பதையும் சொல்லுங்கள். எந்த மருத்துவரும் இதைக் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

அதன் பிறகு, காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை கட்டைப் பார்ப்பதை வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். மணியை மடியில் கிடத்தி, கட்டுக்கு வெளியே தெரியும் நடு விரல்கள் இரண்டையும் பாருங்கள். அவற்றின் நகங்கள் ஒன்றையொன்று ஒட்டி, ஒரே திசையை நோக்கி இருக்க வேண்டும். அவை விலகி விரிந்திருந்தால் உள்ளே வீக்கம் இருக்கிறது என்று பொருள். பிறகு அந்த விரல்களைத் தொட்டுப் பார்த்து, உடனே வலது பின்னங்கால் விரல்களையும் தொட்டுப் பாருங்கள்; இரண்டும் ஒரே வெதுவெதுப்பில் இருக்க வேண்டும். கட்டின் மேல் விளிம்பு உள்தொடையில் உரசித் தோல் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். கட்டு கீழ்நோக்கி நழுவியிருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். கடைசியாக, மூக்கைக் கட்டருகே கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். மாவுக்கட்டுக்குள் புண் இருந்தால், கண்ணுக்குத் தெரிவதற்கு முன் மூக்குக்குத் தெரிந்துவிடும். இவற்றில் எது மாறினாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்; மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். இத்தனை நாள் கட்டைப் பொருட்படுத்தாமல் இருந்த குட்டி திடீரென்று அதைக் கடிக்கத் தொடங்குவதும் ஓர் அறிகுறிதான். உள்ளே எங்கோ அழுத்துகிறது, அரிக்கிறது, அல்லது வலிக்கிறது என்பதை அதனால் வேறு எப்படியும் சொல்ல முடியாது. உள்ளே புண் இல்லை என்று மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகும் கடித்தால், கழுத்தில் மாட்டும் கூம்பு வடிவப் பிளாஸ்டிக் பட்டையை வாங்கி மாட்டுங்கள். வீட்டில் கத்தரிக்கோலால் கட்டை வெட்டித் தளர்த்த மட்டும் முயலாதீர்கள். கட்டோடு தோலையும் வெட்டிக்கொண்டு வந்து நிற்பவர்களை நாங்கள் பார்க்கிறோம்.

கட்டு நனையக் கூடாது. சிறுநீர் கழிக்க வெளியே கொண்டுபோகும்போது மட்டும் பாலித்தீன் பையால் மூடி, உள்ளே வந்தவுடன் கழற்றிவிடுங்கள். பையை அப்படியே விட்டால் உள்ளே வியர்வை கோத்துக்கொண்டு, நனைந்ததற்குச் சமமாகிவிடும். ஒருவேளை நனைந்துவிட்டால் வெயிலில் காட்டியோ, முடி உலர்த்தும் கருவியைக் கொண்டோ வெளிப்புறத்தை மட்டும் உலர்த்தித் திருப்தி அடையாதீர்கள். உள்ளே இருக்கும் பஞ்சு ஈரமாகவே இருக்கும், கட்டை மாற்றத்தான் வேண்டும்.

இனி எலும்பைப் பற்றி. வயதான நாயின் எலும்பு முருங்கைக் கொம்பு போலப் படக்கென்று முறிந்து இரண்டாகிவிடும். குட்டியின் எலும்போ பச்சை வேப்பங்குச்சி போன்றது. வளைந்து, பாதி ஒடிந்து, மேலே உள்ள தடித்த உறை கிழியாமல் இரு துண்டுகளையும் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த உறையிலிருந்துதான் புது எலும்பு உருவாகிறது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு, முறிவு நடுவில் இருந்து, துண்டுகள் விலகாமலும் இருந்தால், மூன்று நான்கு வாரங்களில் எலும்பு கூடிவிடுவது வழக்கம். வளர்ந்த நாய்க்கு இதே முறிவு கூடப் பல மாதங்கள் ஆகலாம். முழங்காலுக்குக் கீழ் அந்தப் பெரிய எலும்பை ஒட்டி மெல்லிய எலும்பு ஒன்றும் இருக்கிறது. அது முறியாமல் இருந்தால் உள்ளேயே இருக்கும் ஒரு தப்பையாக அது உதவும். மணிக்கு மாவுக்கட்டுப் போட முடிந்ததற்கும் முறிந்த இடமே காரணம். இதுவே தொடை எலும்பாக இருந்திருந்தால் மாவுக்கட்டு உதவாது, ஏனெனில் முறிவுக்கு மேலே உள்ள இடுப்பு மூட்டைக் கட்டால் அசையாமல் நிறுத்த முடியாது. தொடை முறிந்த குட்டியின் காலை நீட்டி வைத்துக் கட்டிவிட்டால், தொடையின் முன்புறத் தசை எலும்போடு ஒட்டிக்கொண்டு, கால் என்றென்றைக்கும் மடங்காத கட்டையாகிவிடும். தொடையில் முறிவு என்று எக்ஸ்ரே சொன்னால் கம்பி அல்லது தகடு வைத்து அறுவை சிகிச்சை செய்யும் இடத்துக்குத் தாமதிக்காமல் போக வேண்டும். உங்கள் மாவட்டத்தில் ஒரத்தநாட்டிலும், சென்னையில் வேப்பேரியிலும் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளை அணுகலாம்.

புத்தூர் கட்டைப் பற்றிப் பக்கத்து வீட்டுப் பெரியவர் அக்கறையோடுதான் சொல்லியிருக்கிறார். மனிதர்களுக்கு அந்தக் கட்டுப் போட்டுக் குணமானவர்களை நம் ஊர்களில் எல்லாரும் அறிவோம். ஆனால் நாய்க்குட்டிக்கு அது வேண்டாம் என்பதற்கு என்னிடம் தெளிவான காரணங்கள் உள்ளன. பத்து நாளில் முறிவைச் சுற்றி இளம் எலும்பு திரளத் தொடங்கியிருக்கும். இப்போது பிரித்து, இழுத்து, மறுபடி கட்டினால் அது சிதைந்து, முதல் நாளிலிருந்து தொடங்க நேரிடும். நாயின் பின்னங்கால் மேலே பருத்துக் கீழே வரவரச் சிறுத்துப் போவதால், மூங்கில் தப்பை வைத்துத் துணி சுற்றிய கட்டு நழுவி இறங்கி, முறிந்த இடத்திலேயே போய் அழுத்தும். நழுவாமல் இருக்க வேண்டும் என்று இறுக்கினால் இரத்த ஓட்டம் நிற்கும். முட்டையும் பச்சிலையும் சேர்த்த பற்றுப் போட்ட துணியை நாய்க்குட்டி சும்மா விட்டுவைக்காது, பிய்த்துத் தின்றுவிடும். பெரியவரிடம் இதை மரியாதையாகவே எடுத்துச் சொல்லுங்கள். அவருக்கு உதவ மனமிருந்தால், மணிக்கு ஓர் அடைப்புச் செய்து தரச் சொல்லுங்கள். அதுதான் இப்போது உங்களுக்கு அவசரமாகத் தேவைப்படுகிறது.

பஞ்சாரம் கோழிக்கு நல்லது. குட்டிக்கு அதில் இரண்டு தொல்லைகள் உண்டு: மூங்கில் பின்னலுக்கிடையே நகமோ, கட்டின் விளிம்போ மாட்டிக்கொள்ளும், வெளியே நடப்பதைச் சரியாகப் பார்க்க முடியாததால் குட்டிக்குப் பயமும் கூடும். பழைய சாப்பாட்டு மேசை ஒன்று இருந்தால் அதைக் கவிழ்த்துப் போட்டு, நான்கு கால்களையும் சுற்றிக் கெட்டி அட்டையையோ கம்பி வலையையோ கட்டிவிடுங்கள். மணி எழுந்து நிற்கவும், திரும்பவும், காலை நீட்டிப் படுக்கவும், ஒரு மூலையில் சிறுநீர் கழிக்கவும் இடம் இருந்தால் போதும். ஓட இடம் இருக்கக் கூடாது. முன்னங்காலைத் தூக்கி வைத்து ஏறித் தாண்ட முடியாத உயரம் வேண்டும். கீழே மொசைக் தரையோ டைல்ஸோ நேரடியாகத் தெரியக் கூடாது. துவைத்த கோணிச் சாக்கை இரண்டாக மடித்து, ஓரங்களை உள்ளே மடக்கி விரியுங்கள். செய்தித்தாளை மட்டும் விரித்தால் அது வழுக்கும். நல்ல கால் மூன்றும் நாலாபக்கமும் விலகிக் குட்டி விழும்போது, அடி விழுவது கட்டுப் போட்ட காலுக்குத்தான்.

கத்துகிறது என்று திறந்துவிடுவதை நிறுத்துங்கள் என்றே சொல்வேன். மூன்று காலில் வீடு முழுக்க ஓடும் குட்டியைப் பார்க்க மகிழ்ச்சியாக இருக்கும். வலி குறைந்துவிட்டது என்பதற்கு அது அடையாளமே தவிர, எலும்பு கூடிவிட்டது என்பதற்கு அன்று. ஒரு திண்ணையிலிருந்து குதித்தால் பத்து நாள் கூடியது ஒரு நொடியில் விட்டுப்போகும். அதே நேரத்தில், கத்துகிறதே என்று அடைப்பைக் கொண்டுபோய்க் கொல்லைப்புறத்தில் வைப்பதும் தவறு. தாயையும் உடன்பிறந்தவற்றையும் விட்டு வந்த குட்டி அது. தனியாக இருப்பதற்காகத்தான் அது அழுகிறது. அடைப்பை வீட்டார் புழங்கும் இடத்தில், சமையலறை வாசலுக்கருகில் வையுங்கள். இரவில் யாரேனும் ஒருவர் அருகில் பாய் விரித்துப் படுத்தால், சில நாள்களில் அழுகை அடங்கிவிடும். கத்தும்போது போய்த் தூக்காமல், கத்தல் ஓய்ந்த இடைவெளியில் போய்த் தடவிக்கொடுங்கள்.

இன்னொன்றும் இதில் இருக்கிறது. பிறந்த மூன்றாம் வாரத்திலிருந்து பதினான்காம் வாரம்வரை உள்ள காலத்தில்தான் நாய்க்குட்டி உலகத்தைப் பழகுகிறது; அந்தக் காலத்தில் பார்க்காத, கேட்காத பலவற்றுக்கு அது பிற்காலத்தில் அஞ்சும், அஞ்சினால் கடிக்கும். மணிக்கு அந்தக் காலம் இப்போது அடைப்புக்குள் கழிகிறது. ஆகையால் உலகத்தை நீங்கள் அடைப்பருகே கொண்டுவர வேண்டும். மிக்ஸி ஓடும் சத்தம், குக்கர் விசில், கோயில் மணி, தெருவில் வரும் காய்கறி வண்டிக்காரரின் குரல், தாடி வைத்தவர், தலைக்கவசம் அணிந்தவர், கைத்தடி ஊன்றியவர் என எல்லாவற்றையும் அது பாதுகாப்பான இடத்திலிருந்து பார்க்கட்டும். ஒவ்வொன்றையும் பார்க்கும்போது உங்கள் மகள் அதற்கு ஒரு துண்டு வேகவைத்த கோழிக்கறியை நீட்டட்டும். பெயர் சொன்னால் திரும்பிப் பார்க்க, ‘உட்கார்’ என்றால் உட்கார, உள்ளங்கால்களைத் தொட்டால் பேசாமல் இருக்க இப்போதே கற்றுக்கொடுங்கள். கடைசியாகச் சொன்னது கட்டுப் பிரித்தபின் பெரிதும் உதவும். கடிப்பதற்கு, ஈரத்துணியை முறுக்கி முடிச்சுப் போட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துக் கொடுக்கலாம். ஆனால் அதைத் தின்கிறதா என்று கவனித்துக்கொண்டே இருங்கள்.

உங்கள் மகளிடம் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: நின்றுகொண்டு மணியைத் தூக்கக் கூடாது. கையிலிருந்து நழுவி விழுவதும் குட்டிகளுக்குக் கால் முறியப் பொதுவான காரணங்களுள் ஒன்று. தரையில் அமர்ந்துகொண்டு மடியில் வாங்கிக்கொள்ளட்டும். பெரியவர்கள் தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்கு அடியிலும் மறு கை பின்புறத்துக்கு அடியிலும் இருக்க வேண்டும்; கட்டுப் போட்ட கால் உங்கள் உடம்போடு அழுந்தாமல் வெளிப்புறமாக இருக்கட்டும்.

உணவு விஷயத்தில் உங்கள் மாமியார் சொல்வதன் உள்ளே ஒரு சரியான எண்ணம் இருக்கிறது: எலும்பு கூட நல்ல உணவு வேண்டும். ஆனால் ஆட்டுக்கால் சூப்பில் நாம் நினைக்கும் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து இறங்குவதில்லை, அது எலும்பிலேயே தங்கிவிடுகிறது. நாம் குடிக்கும் சூப்பில் உள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேகவைத்த எலும்பைக் கடிக்கக் கொடுத்தால் அது கூரான சில்லுகளாக உடைந்து குடலைக் கிழிக்கும். கால்சியம் மருந்தைப் பொறுத்தவரை என் பதில், மருத்துவர் எழுதித் தராமல் ஒரு சொட்டுக்கூட வேண்டாம் என்பதே. வளர்ந்த நாயின் குடல், உடம்புக்கு வேண்டிய அளவு கால்சியத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளிவிடும். சின்னக் குட்டியின் குடலுக்கு அந்தக் கட்டுப்பாடு இன்னும் வந்திருக்காது. கொடுப்பதில் பெரும்பகுதியை உறிஞ்சிவிடும். மிகுதியான கால்சியம் எலும்பின் வளர்ச்சியைத் தாறுமாறாக்கும்.

அப்படியானால் கால்சியம் குறைவாக இருந்தால்? இதுவும் நம் வீடுகளில் அடிக்கடி நடப்பதுதான். வெறும் சோறும் பாலும், பாலில் நனைத்த பிஸ்கட்டும், அல்லது வெறும் கறியும் மட்டுமே தின்று வளரும் குட்டிக்கு உணவில் பாஸ்பரஸ் மிகுந்து கால்சியம் குறைகிறது. இரத்தத்தில் கால்சியத்தின் அளவைக் காப்பாற்ற உடம்பு தன் எலும்பிலிருந்தே அதை எடுக்கிறது. அத்தகைய குட்டிகள் நாற்காலியிலிருந்து குதித்தாலே காலை முறித்துக்கொள்கின்றன. மணிக்கு வண்டி மோதியிருப்பதால் முறிவுக்குக் காரணம் தெரிகிறது. ஆயினும் தெருவில் வளர்ந்த குட்டி என்பதால், எக்ஸ்ரே படத்தில் எலும்பின் சுவர் மெலிந்து தெரிகிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மெலிந்திருந்தாலும் முதல் மருந்து சரிவிகித உணவுதான். கடையில் கிடைக்கும் குட்டிகளுக்கான உலர் உணவை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் கால்சியமும் பாஸ்பரஸும் குட்டிக்குத் தேவையான விகிதத்தில் இருக்கும். அதை வெந்நீரில் ஊறவைத்து, அதோடு வேகவைத்த முட்டையோ எலும்பில்லாத கோழிக்கறியோ சிறிதளவு சேர்க்கலாம். மூன்று மாதம் ஆகும்வரை நாளுக்கு நான்கு வேளையும், பிறகு ஆறு மாதம்வரை மூன்று வேளையும் கொடுங்கள். பசும்பால் பல குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும்; பின்னங்காலில் கட்டுப் போட்டிருக்கும் குட்டிக்கு வயிற்றுப்போக்கு வந்தால் கட்டும் பாழாகும். ஓடாமல் அடைந்து கிடக்கும் குட்டி கொழுத்தாலும் காலுக்குச் சுமைதான். தடவிப் பார்த்தால் விலா எலும்புகள் கைக்குத் தட்டுப்படும் அளவில் உடம்பு இருக்கட்டும்.

காய்ச்சல் மருந்து வேண்டாம். மனிதருக்கான ஐபுரூஃபன் நாயின் வயிற்றில் புண்ணையும் சிறுநீரகச் செயலிழப்பையும் உண்டாக்கும். பாராசிட்டமால் கல்லீரலையும் இரத்தத்தையும் பாதிக்கும். மூட்டுவலிக் களிம்பையும் தலைவலித் தைலத்தையும் வெளியில்தானே தடவுகிறோம் என்று எண்ணாதீர்கள், குட்டி அவற்றை நக்கி விழுங்கிவிடும். ஐந்து நாள் மருந்து முடிந்தபின்னும் மணி வலியில் முனகினால், மருந்தை நீட்டிப்பதா, கட்டைப் பார்ப்பதா என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

வண்டியில் அடிபட்ட குட்டி என்பதால் காலைத் தவிர வேறு சிலவற்றையும் கவனிக்க வேண்டும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள உதரவிதானம் கிழிந்திருந்தால், முதலில் ஒன்றும் தெரியாமல் இருந்து, சில நாள்களோ வாரங்களோ கழித்து மூச்சு வாங்கத் தொடங்கும். தூங்கும்போதும் வயிறு குழிந்து குழிந்து மூச்சு விட்டாலும், ஈறுகள் வெளுத்தாலும், ஒரு நாள் முழுக்கச் சிறுநீர் கழிக்காவிட்டாலும் உடனே கொண்டுபோங்கள்.

கட்டு இருக்கிறதே என்று தடுப்பூசிகளைத் தள்ளிப்போட வேண்டாம். காய்ச்சல் இல்லாமல் நன்றாகச் சாப்பிடும் குட்டிக்கு, பார்வோ உள்ளிட்ட நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியை இப்போதே தொடங்கி, நான்கு மாத வயதுவரை மூன்று நான்கு வார இடைவெளியில் போடலாம். மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். குடற்புழு நீக்க மருந்தையும் கேட்டு வாங்குங்கள். மருத்துவமனையில் காத்திருக்கும்போது மணியைத் தரையில் விடாமல் மடியிலேயே வைத்திருங்கள். பார்வோ வாந்தியாலும் கழிச்சலாலும் பரவும் நோய். தடுப்பூசி முடியாத குட்டிக்கு மருத்துவமனைத் தரையே அதைக் கொடுத்துவிடக்கூடும்.

கட்டைப் பிரிக்கும் நாளில், பிரிப்பதற்கு முன்போ பின்போ எக்ஸ்ரே எடுத்து எலும்பு கூடியிருப்பதைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிரித்ததும் காலைப் பார்த்து அதிர்ச்சி அடையாதீர்கள்: மெலிந்து, விறைத்து, முடி உதிர்ந்து, வேறொரு குட்டியின் கால் போலத் தெரியும். மணி அதைத் தூக்கிக்கொண்டே நடக்கும். அதற்குப் பிறகும் இரண்டு வாரமாவது ஓட்டமும் படிக்கட்டும் கூடாது. வெதுவெதுப்பான நீரில் பிழிந்த துணியைக் காலில் சுற்றிப் பத்து நிமிடம் வைத்திருந்து, மணியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, முழங்காலையும் கணுக்காலையும் மெதுவாக மடக்கி நீட்டுங்கள். பத்துப் பதினைந்து முறை, நாளுக்கு இரண்டு மூன்று தடவை செய்தால் போதும். முகத்தைத் திருப்பி உங்கள் கையைப் பார்த்தால் அந்த அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதற்கு மேல் மடக்காதீர்கள். மருத்துவர் ஒருமுறை செய்துகாட்டினால் இதை உங்கள் மகளே அழகாகச் செய்துவிடுவாள். நடைப்பயிற்சிக்குக் கயிற்றில் பிடித்துக்கொண்டு மண்தரையில் மிக மெதுவாக நடத்துங்கள். வேகமாக நடந்தால் நாய் மூன்று காலிலேயே சமாளித்துவிடும். மெதுவாக நடக்கும்போதுதான் நான்காவது காலை ஊன்றியாக வேண்டிய கட்டாயம் வரும்.

நொண்டாமல் நடக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். முறிவு எலும்பின் நடுவில் என்று நீங்கள் எழுதியிருப்பதால், நடக்கும் என்றே நம்புகிறேன். குட்டிகளின் நீண்ட எலும்புகள் அவற்றின் இரு முனைகளிலும் உள்ள வளர்ச்சித் தட்டுகளிலிருந்துதான் நீள்கின்றன. அந்தத் தட்டில் அடிபட்டிருந்தால் கால் குட்டையாகவோ வளைந்தோ போகலாம். அது வாரங்கள் கழித்தே தெரியும். ஆகவே கட்டுப் பிரித்து ஒரு மாதம் கழித்து இரண்டு பின்னங்கால்களையும் ஒப்பிட்டுப் பார்க்க ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. கால் சற்றே குட்டையானாலும், நாய் தன் முழங்கால் மடிப்பைச் சற்று நிமிர்த்தி அதை ஈடுகட்டிக்கொள்ளும், பார்ப்பவருக்குத் தெரியாது.

கடைசிக் கேள்விக்கு என் பதில், விட வேண்டாம் என்பதுதான். தெருவில் வாழும் குட்டி வண்டிக்கு ஒதுங்கவும், மற்ற நாய்களிடமிருந்து விலகவும் கற்றுக்கொள்ளும் அதே வாரங்களை மணி உங்கள் வீட்டில் கழித்திருக்கிறது. மனிதரை நம்பவும் சமையலறை வாசலில் உறங்கவும் மட்டுமே அது கற்றிருக்கும். மெலிந்த காலோடு அதைத் திரும்பத் தெருவில் விட்டால் அடுத்த வண்டிக்குத் தப்பாது என்று அஞ்சுகிறேன். இருக்கட்டும் என்று முடிவுசெய்தால், கருத்தடை அறுவை சிகிச்சையை எந்த வயதில் செய்வது என்பதைத் தடுப்பூசிக்குப் போகும்போதே மருத்துவரிடம் பேசிவிடுங்கள். வைத்துக்கொள்ள இயலாத நிலை என்றால், கட்டுப் பிரித்து, கால் ஊன்றத் தொடங்கி, தடுப்பூசிகள் முடிந்தபின் நன்கு தெரிந்த ஒரு வீட்டில் கொடுங்கள். கொடுக்கும்போது தடுப்பூசி அட்டையையும், முதலில் எடுத்த எக்ஸ்ரே படத்தையும், கட்டுப் பிரித்தபோது எடுத்த படத்தையும் சேர்த்தே கொடுங்கள். அடுத்து மணியைப் பார்க்கும் மருத்துவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.